மயக்கமும் விழிப்பும்: சைக்கடெலிக் றொக் இசைத்தட்டுகள் சில

மேலைநாட்டு றொக் இசையிலே ‘சைக்கடெலிக்’ எனப் பெயர் பெற்ற பிரிவொன்று உண்டு. அவ்விசையில் எந்த இசைத்தட்டுகளைக் கேட்கலாம், எங்கிருந்து தொடங்கலாம் என்ற வினாவை வவுனியா, கிளிநொச்சிப் பகுதி மாணவரும் இளம் ஆசிரியரும் இப்போது அடிக்கடி எழுப்புகின்றனர். உலகத்து இசையெல்லாம் கைபேசியிலே வந்து குவிந்துகிடக்கும் காலத்தில் இத்தகைய வினா எழுவது இயல்பே. எனினும் முற்போக்கு ஏடொன்றிலே இதற்கு விடை எழுதப் புகுந்தால் நண்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். வயிறு நிறைந்த நாட்டு இளைஞர் போதையிலே மிதந்துகொண்டு பாடிய பாட்டுக்கும், நுண்கடன் தவணை கட்டுவதற்காகத் தோட்டை அடகுவைத்துவிட்டு நிற்கும் எமது தாய்மாருக்கும் என்ன உறவு என்று அவர்கள் கேட்பர்.

கேள்வி நியாயமானதே. இவ்விசையின் பெரும்பகுதி வெறும் கடைச்சரக்கு என்பதிலும் எமக்கு ஐயமில்லை. ஆயினும் ஓர் இசைவகையை அது பிறந்த நாட்டைக் கொண்டோ, அதைப் படைத்தவரின் பழக்கவழக்கங்களைக் கொண்டோ தள்ளிவிடுவது விமர்சனமாகாது. கேட்பவனை அவன் வாழும் உலகத்திலிருந்து பிரித்தெடுத்து உறங்கவைக்கிறதா, அல்லது அவ்வுலகத்தைத் தாங்கிப் பார்க்கும் வலுவை அவனுடைய புலன்களுக்குத் தருகிறதா என்பதே நாம் கையிலெடுக்கும் உரைகல். இதில் உரசிப் பார்த்துத் தேறியவற்றை மட்டும் இங்கே பரிந்துரைக்கிறோம்.

‘சைக்கடெலிக்’ என்ற சொல்லை 1956 இல் ஆக்கியவர் ஹம்ப்றி ஒஸ்மண்ட் என்ற உளமருத்துவர். உள்ளத்தை வெளிக்காட்டுவது என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். எல்.எஸ்.டி. முதலிய பொருள்கள் மனத்தில் விளைக்கும் மாற்றத்தைக் குறிக்கவே அவர் இச்சொல்லைப் படைத்தார். பத்தாண்டு கழித்து, 1966 இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துத் ‘தேர்ட்டீன்த் ஃபுளோர் எலிவேற்றர்ஸ்’ குழுவினர் தம் முதல் இசைத்தட்டின் பெயரிலேயே அதனைப் பொறித்துக்கொண்டனர். அக்குழுவின் பாடகர் றொக்கி எரிக்சனுக்கு நேர்ந்த கதியை, அவ்விசையைப் புகழ்வோர் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். 1969 இல் கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்குக் கைதான அவர், சிறைக்குத் தப்பச் சித்தசுவாதீனமில்லை என வாதாடப்போய், மனநோய்ச் சிறைமனையிலே மின்னதிர்ச்சிக்கு ஆளாகி, 1972 இல் வெளிவந்தார். ‘பிங்க் ஃபுளொயிட்’ குழுவை முன்னின்று நடத்திய சிட் பறெற் ஒரேயோர் இசைத்தட்டை, 1967 இல் வெளியான ‘த பைப்பர் அற் த கேற்ஸ் ஒஃப் டோன்’ என்பதை, முழுமையாகத் தந்த அளவிலே மனம் சிதைந்து 1968 இல் குழுவை விட்டு நீங்கினார். ஐஸ் என்றும் ஹெரோயின் என்றும் நஞ்சு எமது பள்ளிக்கூட மதிலோரம் வரை வந்துவிட்ட இந்நாளில், ஆசிரியர் என்ற முறையிலே இதனை நாம் அழுத்திச் சொல்லியாக வேண்டும். இவ்விசையைக் கேட்பதற்கு நல்ல ஹெட்போன் ஒன்றும், ஒரு மணிநேர அமைதியும் போதும்.

மனத்தின் கதவைத் திறக்க இரசாயனம் வேண்டும் என்ற கூற்றை எமது கிராமத்தார் கேட்டால் நகைப்பர். வன்னியின் ஊர்க்கோயில்களிலே பறையும் உடுக்கும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, மெல்ல மெல்ல விரைவு கூட்ட, நேற்றுவரை வயலில் நாற்று நட்ட பெண் தன்னை மறந்து ஆடுவதை யார் கண்டதில்லை? அதனை எமது மக்கள் ‘கலையாடுதல்’ என்கின்றனர். கலை என்ற அதே சொல்! தெய்வம் இறங்கியதென்ற நம்பிக்கையை நாம் ஏற்கவேண்டியதில்லை. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளமும், விடாது நீளும் ஆதார சுருதியும் மனிதப் பிரக்ஞையிலே மாற்றம் விளைக்கும் என்ற இசையுண்மையை எம்மவர் நெடுங்காலமாக அறிந்துவைத்திருந்தனர் என்பதே எமக்கு வேண்டியது. பீற்றில்ஸ் குழுவினர் 1966 இல் வெளியிட்ட ‘றிவோல்வர்’ இசைத்தட்டின் கடைசிப் பாடலை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். தம்புராவின் மீட்டலிலே ஏறத்தாழ ஒரே சுரக்கூட்டு நிலைத்து நிற்கிறது; முழவடி மாறாமல் சுழல்கிறது; வெட்டி ஒட்டிய ஒலிநாடாத் துண்டுகள் பறவைக் கூட்டம்போல் குறுக்கே பறக்கின்றன; கிற்றார் பின்னோக்கி ஒலிக்கிறது. இலண்டன் விமர்சகர்களுக்கு இது வேற்றுலகமாகத் தோன்றியிருக்கலாம். எமக்கோ, ஊர்க்கோயில் வாசலில் நின்று கேட்ட ஒன்று மின்சாரத்தில் ஓடுவதுபோலத் தோன்றுகிறது. புதிதாகக் கேட்பவர்கள் இவ்விசைத்தட்டிலிருந்து தொடங்குவது நலம்.

அடுத்து ஜிமி ஹென்ட்றிக்ஸ். இவரிடத்திலே நாம் சற்று நீண்டநேரம் நிற்கவேண்டியிருக்கிறது. கறுப்பினத்து ஏழைக் குடும்பத்திற் பிறந்த இவர், 1961 இல் அமெரிக்கத் தரைப்படையிற் சேர்ந்து, 101 ஆவது வான்வழிப் படைப்பிரிவிலே பரசூற் வீரராகப் பயிற்சி பெற்று, அடுத்த ஆண்டே விடுவிக்கப்பட்டவர். அதே படைப்பிரிவு பின்னர் வியட்நாமுக்குச் சென்றது. இவர் கிற்றாரோடு இலண்டனுக்குச் சென்றார். 1969 ஆகஸ்ற் 18 காலை, வூட்ஸ்ரொக் விழாவின் முடிவிலே, அமெரிக்கத் தேசியகீதத்தைத் தனிக் கிற்றாரிலே வாசித்து, அதன் இடையே குண்டுகள் வீழும் ஓசையையும் அலறலையும் எழுப்பிக் காட்டிய நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. நாம் பரிந்துரைப்பது அதனிலும் ஆழமானது. 1970 புத்தாண்டு நாளில் நியூயோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ற் அரங்கிலே பதிவாகி, ‘பாண்ட் ஒஃப் ஜிப்சீஸ்’ என்ற இசைத்தட்டில் இடம்பெற்ற ‘மெஷின் கண்’ என்னும் பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட பாடல். வியட்நாமிலே போரிடும் படையினருக்கும், சிக்காகோ முதலிய அமெரிக்க நகர வீதிகளிலே போராடுவோருக்கும் சேர்த்தே அதனை அவர் காணிக்கையாக்கினார்.

பட்டி மைல்ஸின் முழவு இயந்திரத் துப்பாக்கியின் வேட்டொலியாகத் தெறிக்கிறது. பில்லி கொக்ஸ் என்ற பழைய படைத்தோழரின் பேஸ் கிற்றார் நிலம் அதிர்வதுபோல் அடியிலே கிடக்கிறது. சுடுபவனும் சுடப்படுபவனும் வேறொருவனால் ஏவப்பட்டவர்களே என்பது சொற்களின் சாரம். பின்னர் சொற்கள் ஓய்ந்து, கிற்றார் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கிறது. அந்தச் சுரம் எமக்கு என்ன சொல்கிறது? போர்க்காலத்தில் வானிலே சுற்றிக்கொண்டிருந்த வேவு விமானத்தை எமது மக்கள் ‘வண்டு’ என்று அழைத்தனர். வண்டின் இரைச்சல், கிபிரின் பாய்ச்சல், எறிகணை புறப்படும் ஓசைக்கும் வந்து விழும் ஓசைக்கும் இடையிலான கணக்கு ஆகியவற்றைப் பிள்ளைகளும் பங்கருக்குள் இருந்து கற்றுக்கொண்ட நிலம் இது. ஹென்ட்றிக்ஸ் இந்த ஓசைகளைப் போலி செய்து காட்டுவதோடு நின்றிருந்தால் அது வெறும் வித்தையாகப் போயிருக்கும். ஓசை எழுந்த கணத்திலேயே அதை வளைத்து, அழவைத்து, மனிதக் குரலாக்கிவிடுகிறார். கொலைக்கருவியின் சத்தத்தை மனிதன் திரும்பத் தன் வசமாக்கும் செயல் என்றே இதனை நாம் கொள்கிறோம். எம்மிடையே இப்பாடலை முழுதும் கேட்கமாட்டாது எழுந்து செல்வோரும் உளர். அவர்களைக் குறைகூறலாகாது. அவர்கள் எழுந்துபோவதும் இப்பாடலைப் பற்றிய ஒரு விமர்சனந்தான்; பெருநகர்ப் பத்திரிகைகளின் நட்சத்திர மதிப்பெண்களை விட நேர்மையான விமர்சனம்.

இதே கலைஞரின் ‘எலெக்ற்றிக் லேடிலாண்ட்’ (1968) இசைத்தட்டிலே, போரினாற் பாழான நிலத்தை விட்டு ஒரு காதலிணை கடலுக்குள் இறங்கி வாழப்போகும் நெடும்பாடலொன்று உண்டு. அதன் தலைப்பிலே உள்ள ஆண்டு 1983! தற்செயல்தான். ஆனால் முல்லைத்தீவுக் கரையிலிருந்து கேட்பவருக்கு அந்தத் தற்செயல் சும்மா விடாது. கடலைப் புகலிடமாகக் காணும் அக்கற்பனையை எம்மால் முழுமனத்தோடு ஏற்க இயலவில்லை. கடலுக்கும் களப்புக்கும் நடுவே அகப்பட்டவர்களின் ஊர் எமது ஊர். இசை அழகிது, நோக்கு தப்பியோடும் நோக்கு.

பிங்க் ஃபுளொயிட் குழுவின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ (1973) எல்லோரும் அறிந்த இசைத்தட்டு. பல கோடிப் பிரதிகள் விற்பனையான ஒன்றை நாம் எடுத்துச் சொல்லவேண்டுமா என்று கேட்கலாம். இரண்டு காரணங்களுக்காகச் சொல்கிறோம். ஒன்று, பணம், காலம், போர், பித்து ஆகியன தனிமனிதனை அரைக்கும் விதத்தை அது ஒரே தொடராகக் கோத்திருப்பது. எனவே தனித்தனிப் பாடலாகப் பொறுக்கிக் கேளாது முதலிலிருந்து முடிவுவரை கேட்கவேண்டும். மற்றது, அதிலே சொல்லில்லாமற் பாடும் ஒரு பெண்குரல். கிளேர் ரொறி என்ற அப்பாடகியை ஞாயிற்றுக்கிழமையொன்றில் அழைத்து, மரணத்தைப் பற்றிய இசை இது, சொல்லேதும் வேண்டா, பாடு என்றனர். அவர் பாடினார்; 30 பவுண் கூலி பெற்றுக்கொண்டு வீடு சென்றார். அந்தக் குரல் இல்லாவிடில் அப்பாடலே இல்லை. ஆயினும் அதனை இயற்றியோர் பெயரிலே அவருக்கு இடமில்லை. முப்பதாண்டுக்குப் பிறகு, 2004 இல், அவர் வழக்குத் தொடுத்து, 2005 இல் இணக்கம் ஏற்பட்டு, இயற்றியோருள் ஒருவராக ஏற்கப்பட்டார். உழைப்பின் பயன் எவ்வாறு களவு போகிறது என்பதை வகுப்பிலே விளக்க இதனிலும் நல்ல உதாரணம் கிடைப்பதரிது. இசையாகப் பார்த்தாலோ, அது ஒப்பாரியேதான். எமது தாய்மார் சொல் தீர்ந்தபின் எழுப்பும் ஓலத்துக்கும் அதற்கும் இடையே மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

இக்குழுவின் றொஜர் வோட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தையாயிருந்தபோது, 1944 இல், இத்தாலியின் அன்சியோ களத்திலே தந்தையை இழந்தவர். தந்தை பள்ளியாசிரியர், பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தவர். அந்த ஆசிரியரின் மகன்தான் 1979 இல் ‘த வோல்’ இசைத்தட்டிலே, பிள்ளைகளை அச்சுவார்க்கும் பள்ளிக்கூடத்தைச் சாடினார் என்பது சிந்திக்கத்தக்கது. தென்னாபிரிக்காவில் நிறவெறிக் கல்விக்கு எதிராக வகுப்பைப் புறக்கணித்த மாணவர் அப்பாடலை எடுத்துப் பாட, 1980 இல் அவ்வரசு அதைத் தடைசெய்தது. பிரம்பை இன்னும் மேசை லாச்சியிலே வைத்திருக்கும் சகபாடிகளுக்கு இதனைச் சிறப்பாகப் பரிந்துரைக்கிறோம்.

இனி, இந்த அலை எமது பக்கத்துக்கு வந்த கதை. இந்தியாவிலே இளைஞர் குழுக்களின் றொக் இசையைத் தொகுத்து 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ‘சிம்லா பீற்’ இசைத்தட்டுகளை இன்று பெரும் புதையலாக ஐரோப்பியச் சேகரிப்பாளர் கொண்டாடுகின்றனர். சிம்லா என்பது ஒரு சிகரட்டின் பெயர். போட்டியை நடத்தியது புகையிலைக் கொம்பனி. இளைஞரின் வேகத்தையும் விற்கலாம் என்பதை முதலாளி கண்டுகொள்ள அதிக காலம் எடுக்கவில்லை. ஆர்வமுள்ளோர் ஒருமுறை கேட்கலாம், இரவற்குரலே மிகுதி. சிதார் கலைஞர் ஆனந்த சங்கர் 1970 இல் தம் பெயரிலேயே தந்த இசைத்தட்டு இனிமையானது, ஆனால் சுற்றுலா விளம்பரம்போல வழவழப்பானது.

எமது காதுக்கும் அந்த இசைக்கும் மெய்யான பாலம் இட்டவர்களுள் ஒருவர் எமது மண்ணிலே வளர்ந்தவர் என்பதைப் பலர் அறியார். யாழ்ப்பாணத்திலே இசை பயிற்றிய வீ. லட்சுமிநாராயணாவின் குடும்பம் 1958 ஆம் ஆண்டு இனக்கலவரத்தை அடுத்து இந்தியாவுக்குப் பெயர்ந்தது. அவருடைய மகன் எல். சங்கர், ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லோக்லினோடும், தபேலாவில் ஸாகிர் ஹுசைனோடும், கடத்தில் விக்கு விநாயக்ராமோடும் சேர்ந்து எழுபதுகளில் ‘சக்தி’ என்ற குழுவிலே வாசித்தார். மின்னொலியோ திரிபொலியோ இல்லாத அவ்விசை இலக்கணப்படி சைக்கடெலிக் ஆகாது என்று வாதிடுவோர் வாதிடட்டும். 1976 இல் வெளியான அவர்களது முதல் இசைத்தட்டைக் கேட்டபின் அவர்கள் பேசட்டும். 1958 இலே துரத்தப்பட்ட ஒரு வீட்டின் வயலின் அது.

எமது நாட்டிலேயே ஒரு வாய்ப்பு இருந்தது. அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்கள் ஈழத்துத் தமிழரின் வீடுகளிலும் கலியாணப் பந்தல்களிலும் ஒலித்தன. பேச்சுத்தமிழ், பைலாவின் துள்ளல், கள்ளுக்கடையையும் மாமியாரையும் கிண்டல் செய்யும் நகைச்சுவை ஆகியன அவற்றின் பலம். பண்டிதர்கள் முகஞ்சுளித்தனர், மக்கள் பாடினர். அந்தக் கிற்றார் மேலும் இருபது ஆண்டு இங்கே தடையின்றி வளர்ந்திருந்தால் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது ஏக்கம் பிறக்கிறது. 1983 இன் பின் நிகழ்ந்தவை தெரிந்தவையே. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளிலே பற்றரி கிடையாமல், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோ மின்சாரத்திலே வானொலியும் ஒலிநாடாவும் கேட்ட மக்கள் இவர்கள். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளரும். ஒலிநாடாவை வேகம் மாற்றி ஓடவிடும் உத்தியைக் கற்கப் பீற்றில்ஸ் குழுவுக்கு ஒரு பெரிய ஒலிக்கூடம் தேவைப்பட்டது. வன்னியிலே அது வறுமையின் பக்கவிளைவாக வந்தது!

தமிழ்நாட்டிலே, பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிய பாவலர் வரதராசனின் தம்பி இளையராஜா, எழுபதுகளின் இறுதியிலிருந்து திரைப்பாடலுக்குள் மின்னிசைக் கருவிகளைக் கொண்டு புரிந்த புதுமைகளை விரிக்கின் பெருகும். அவரது 1977 முதல் 1983 வரையான பாடல்களைத் தெரிந்தெடுத்து ‘சொல்லச் சொல்ல’ என்ற பெயரிலே இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் தொகுத்தது. எமது பேருந்துகளிலே தினமும் ஒலிப்பவரை அந்நியர் காதாற் கேட்டுப் பார்க்க அத்தொகுப்பு உதவும்.

இதுவரை சொன்னவற்றை விட, மாணவர் கட்டாயம் கேட்கவேண்டியது கம்போடியாவின் இசை. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும், அயலிலிருந்த வியட்நாமில் அமெரிக்கப் படையினருக்காக நடத்தப்பட்ட வானொலி வாயிலாக றொக் இசை புனோம்பென் நகருக்கு வந்தது. சின் சிசமூத், றொஸ் செரே சொத்தியா, பென் றான் ஆகியோர் அந்தக் கரகரத்த கிற்றாரின்மேல் கெமர் மொழியின் நெளிவுசுழிவான பாடுமுறையை ஏற்றி ஒரு புது இசையைப் படைத்தனர். றொஸ் செரே சொத்தியா பட்டம்பாங் மாகாணத்து ஏழை வீட்டுப் பெண். அவர் குரல் உச்சத்துக்கு ஏறும்போது, கிற்றார் பின்வாங்கி வழிவிடுவதுபோல இருக்கும். வெளியே அமெரிக்க விமானங்கள் கம்போடியக் கிராமங்களின்மேல் குண்டு பொழிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1975 ஏப்பிரல் 17 அன்று கெமர் றூஜ் படை நகரைக் கைப்பற்றி மக்களை வெளியே துரத்தியது. இம்மூவரும் உட்பட அந்தத் தலைமுறைக் கலைஞருட் பெரும்பாலோர் 1979 க்குள் மாண்டனர். எங்கே, எவ்வாறு என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

குண்டு பொழிந்த ஏகாதிபத்தியத்தைப் பற்றி இடதுசாரிகளாகிய நாம் எழுதத் தயங்குவதில்லை. பாடகரைக் கொன்றவர்கள் தம்மைப் பொதுவுடைமையாளர் என்று அழைத்துக்கொண்டனர் என்பதையும் அதே மையினால் எழுதவேண்டும். நகரத்துப் பாட்டு நச்சு, கிற்றார் பிற்போக்கு, காதற்பாடல் சீரழிவு என்ற தீர்ப்புகள் ஒரு காலத்தில் எமது கூட்டங்களிலும் கேட்ட தீர்ப்புகளே. அத்தீர்ப்பைச் சொல்பவர் கையிலே துப்பாக்கியும் இருந்தபோது என்ன நடந்தது என்பதற்குக் கம்போடியா விடை. இக்கட்டுரையின் தொடக்கத்திலே புருவம் நெரித்த நண்பருக்கு நாம் கூறும் மறுமொழி இதுவே: எமக்குப் பிடிக்காத இசையை விமர்சிப்போம், கிண்டல் செய்வோம், வேண்டுமானால் கேளாது விடுவோம், தடைசெய்யும் உரிமையை எக்கொடியின் கீழும் எவருக்கும் கொடோம்.

1996 இல் அமெரிக்காவிலே ‘கம்போடியன் றொக்ஸ்’ என்ற தொகுப்பு வெளிவந்தபோது, பாடியவர் பெயரோ பாடலின் பெயரோ அதில் இடப்படவில்லை. கொல்லப்பட்டவர்கள் மறுமுறை பெயரிழந்தனர். எனவே 2015 இல், ஜோன் பிறோசியின் ஆவணப்படத்தையொட்டி வெளியான ‘டோன்ற் திங்க் ஐவ் ஃபொகொட்டின்’ இசைத்தட்டையே தேடிப் பெறுக. பெயர்கள் உள்ளன, முகங்களும் உள்ளன. 2009 இலே பெட்டி பெட்டியாக ஒலிநாடாக்களையும் படங்களையும் தெருவோரம் விட்டுவந்த எமக்கு, பெயர் பொறித்த ஒரு பட்டியலின் பெறுமதி தெரியும்.

துருக்கியின் செல்டா பாக்ஜானும் அவ்வாறே கேட்கத் தக்கவர். 1976 இல் தம் பெயராலேயே வெளியிட்ட இசைத்தட்டிலே, ஊரூராய்ப் பாடித்திரிந்த நாட்டுப்புறப் புலவர் மரபின் பாடல்களை மின்கிற்றாரோடும் மின்னிசைக் கருவிகளோடும் இணைத்து, ஏழையின் பசியையும் ஆட்சியாளரின் அலட்சியத்தையும் பாடினார். 1980 இராணுவப் புரட்சிக்குப் பின் மும்முறை சிறை கண்டார். பழைய பாட்டு, புதிய கருவி, கூரிய அரசியல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பதை அறிய இவ்விசைத்தட்டே போதிய பாடம். முல்லைத்தீவுக் கோவலன் கூத்துப் பாடல்களை ஒரு கிற்றாரோடு யாரும் இப்படி அணுகிப் பார்த்தனரா என்ற கேள்வியை அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் பயிலும் இசையார்வலரிடம் விட்டுவிடுகிறோம். சாம்பியாவின் ‘விற்ச்’ குழுவினரது ‘லேஸி போன்ஸ்’ (1975) செப்புச் சுரங்க நாட்டின் இளமைத் துடிப்பு. செப்பின் விலை சந்தையில் வீழ, அந்நாட்டு றொக் இசையும் கூடவே வீழ்ந்தது. அக்குழுவின் பாடகர் இம்மானுவேல் சண்டா பின்னர் இரத்தினக்கல் தோண்டிப் பிழைத்தார்.

இக்காலத்தவர் பற்றியும் கூறவேண்டும். அவுஸ்திரேலியாவின் கெவின் பார்க்கர் ‘ரேம் இம்பாலா’ என்ற பெயரிலே, பெரும்பாலும் தனியொருவராக இருந்து வனைந்த ‘லோனரிசம்’ (2012) தனிமையைப் பற்றிய அழகிய இசைத்தட்டு. ஒலி வேலைப்பாட்டிலே குறை காணமுடியாது. ஆயினும் அந்தத் தனிமைக்கு அறையின் நான்கு சுவர்களுக்கு அப்பால் காரணம் ஏதும் தேடப்படவில்லை. அமெரிக்காவின் ‘க்ருவாங்பின்’ குழு பழைய தாய்லாந்து இசையின் சாயலை எடுத்து மெத்தென்ற விரிப்பாக விரிக்கிறது. விடைத்தாள் திருத்தும்போது பின்னணியிலே ஓடவிடலாம். அவுஸ்திரேலியாவின் ‘கிங் கிஸர்ட்’ குழுவினரது ‘ஃபுளையிங் மைக்றோரோனல் பனானா’ (2017) வேறு வகை. கிற்றாரின் கட்டைகளுக்கு நடுவே மேலும் கட்டைகள் பதித்து, அரைச்சுரத்துக்கும் குறைந்த நுண்சுரங்களை எழுப்புகின்றனர். கமகத்திலே பழகிய எமது காதுக்கு அது அந்நியமாகாது.

இருப்பினும் இன்றைய இசைத்தட்டுகளுள் எம் நெஞ்சுக்கு அணித்தாக நிற்பவை சகாராப் பாலைவனத்திலிருந்து வருபவை. ‘தினாரிவென்’ குழுவை நிறுவிய இப்ராகிம் அக் அல்ஹபீப், மாலி நாட்டிலே 1963 எழுச்சியின்போது தந்தை கொல்லப்படுவதைக் கண்ட சிறுவர். அகதியாக அலைந்த நாட்களிலே தகரப் பேணி, தடி, சைக்கிள் பிறேக் கம்பி ஆகியவற்றால் தம் முதற் கிற்றாரைச் செய்துகொண்டார். அல்ஜீரியாவிலும் லிபியாவிலும் முகாம்களில் வாழ்ந்த துவாரெக் இளைஞர் சேர்ந்து பாடிய பாடல்கள் ஒலிநாடாவிலே கைக்குக் கை மாறிப் பாலைவனமெங்கும் பரவின. சைக்கிள், முகாம், ஒலிநாடா! வன்னி வாசகருக்கு இச்சொற்களை விளக்கத் தேவையில்லை. ஆயுதமேந்திய காலத்தின் நம்பிக்கையும், அதன் பின் வந்த கைப்பும் அவர்களுடைய பாடல்களிலே ஒருங்கே உள்ளன, எதையும் மறைக்கவில்லை. அடுத்த தலைமுறையினரான நைஜர் நாட்டு ம்டூ மொக்தாரும் சைக்கிள் கம்பியிலே கிற்றார் கட்டிப் பழகியவரே. அவரது ‘அஃப்றிக் விக்ற்றீம்’ (2021) பிரெஞ்சு ஆதிக்கத்தின் மிச்சத்தை நேராக நின்று கேள்வி கேட்கிறது. ஹென்ட்றிக்ஸின் தீயை இன்று தேடுவோர் அங்கே காண்பர்.

மொழி விளங்கவில்லையே என்று தயங்குவோர் தினாரிவென்னின் ‘அமான் இமான்’ (2007) இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம். தண்ணீரே உயிர் என்பது தலைப்பின் பொருள். இரணைமடுக் குளத்தின் வான்மட்டத்தைப் பார்த்துப் பார்த்து விதைக்கும் எமக்கு அதற்கு உரை வேண்டா. மூன்று நான்கு கிற்றார்கள் ஒன்றன்மேலொன்று படிய, கைதட்டலே தாளமாகச் செல்லும். இடையிலே பெண்கள் குரவையிடுவர். அதை இரவிலே கேட்பது நல்லது. ஒருவர் ஹெட்போனிலே தனித்துக் கேட்பதை விட, நாலுபேர் சேர்ந்து முற்றத்திலே ஒலிபெருக்கி வைத்துக் கேட்பது அதனிலும் நல்லது.